நிற்கும் பயிரில் குளிர்கால மேய்ச்சல்: கனடியப் பிரெய்ரியில் மக்காச்சோளத்தின் செலவும் இடரும்

கனடாவின் மேற்கில் மானிட்டோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா ஆகிய மூன்று மாகாணங்களிலும் பரந்து கிடக்கும் பிரெய்ரி என்னும் புல்வெளிச் சமவெளியில்தான் அந்நாட்டின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி வளர்க்கப்படுகிறது. அங்கே மாடு வளர்ப்பவரின் வரவுசெலவைத் தீர்மானிப்பது குளிர்காலம். அக்டோபர் கடைசியில் மேய்ச்சல் நிலத்துப் புல் தீர்ந்துபோனால், அது மறுபடி மாட்டின் வாய்க்கு எட்டும் அளவு தலையெடுக்க மே மாதம் பாதி கழிந்துவிடும். இடையிலுள்ள ஆறேழு மாதங்களுக்கும், கோடையில் அறுத்துக் காயவைத்து உருளைக் கட்டுகளாகக் கட்டி வைத்த உலர்புல்லை நாள்தோறும் டிராக்டரில் கொண்டுவந்து பட்டியில் போடுவதும், இளவேனிலில் பட்டியில் சேர்ந்த சாணத்தை அள்ளி வயலுக்குத் திரும்பக் கொண்டுபோவதுமே அங்குள்ள மரபான முறை. ஒரு பசுவை ஓராண்டு வைத்துக் காப்பதற்கான செலவில் பாதியோ அதற்கு மேலோ இந்தக் குளிர்காலத் தீவனத்திலேயே கரைந்துவிடுவதால், டிராக்டர் ஓடும் நாட்களைக் குறைத்து, மாட்டையே தீவனம் இருக்குமிடத்துக்கு நடக்கவைப்பது எப்படி என்ற கேள்வி அங்கு நெடுங்காலமாகக் கேட்கப்பட்டு வருகிறது. 2003 மே மாதத்தில் ஆல்பர்ட்டாவின் ஒரு பசுவுக்குப் பித்தமாட்டு நோய் கண்டறியப்பட்டு, அமெரிக்க எல்லை கனடிய மாடுகளுக்கு மூடப்பட்டு, விலை அடியோடு சரிந்த பிறகு அந்தக் கேள்வியின் அவசரம் கூடியது.

அதற்குக் கிடைத்த விடைகளில் ஒன்றுதான் இவ்வுரையின் பொருள். மே மாதம் மக்காச்சோளத்தை விதைத்து, இலையுதிர்காலத்தில் அதை அறுக்காமல் வயலிலேயே நிற்கவிட்டு, உறைபனியில் பயிர் பட்டுப்போன பின் நவம்பரிலோ டிசம்பரிலோ சினைப் பசுக்களை அதற்குள் இறக்கி, துண்டு துண்டாக மேயவிடுவதே அம்முறை. பயிரில் மாடு இறங்கினால் ஓட்டிப்போய்க் கொண்டித்தொழுவில் அடைத்துத் தண்டம் கட்டவைத்த மரபில் வந்தவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றலாம். தமிழ்நாட்டில் ஆப்பிரிக்க நெட்டை போன்ற தீவன மக்காச்சோளம் பயிரிடப்பட்டாலும், அது அறுத்து நறுக்கித் தொட்டியில் போடப்படுகிறதேயன்றி யாரும் அதில் மாட்டை விடுவதில்லை. பிரெய்ரியிலோ அறுவடை இயந்திரம், எரிபொருள், ஆட்கூலி, சாணம் அள்ளும் செலவு ஆகியவை எல்லாம் சேர்ந்து, மாடு மிதித்து வீணாக்கும் தீவனத்தின் மதிப்பைவிடக் கனமாக இருப்பதால் இந்த ஏற்பாடு பொருளுடையதாகிறது. எவ்வளவு பொருளுடையது, எந்த ஆண்டில் பொருளற்றுப் போகிறது என்பதே ஆராயப்பட வேண்டியது.

மக்காச்சோளம் நடு அமெரிக்காவின் வெப்பநிலத்துப் பயிர். பிரெய்ரி அதன் வட எல்லைக்கும் எல்லை. வின்னிபெக் நகருக்கு வடக்கே செவ்வாற்றங்கரையில் லாக்போர்ட் என்ற இடத்தில் நடந்த அகழாய்வில், காட்டு மாட்டினமான பைசனின் தோள்பட்டை எலும்பாலான களைக்கொட்டுகளும், தானியம் புதைத்து வைத்த குழிகளும், கருகிய மக்காச்சோள மணிகளும் கிடைத்திருப்பதால், ஐரோப்பியர் வருவதற்கு முன், ஏறத்தாழ 15ஆம் நூற்றாண்டிலேயே தொல்குடி மக்கள் அங்கு அதைப் பயிரிட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது தெரிகிறது. அதே விளிம்பில்தான் இன்றைய மாட்டுப்பண்ணையாரும் நிற்கிறார். அவர் கையில் கலப்பின விதையும் ஓர் அளவுகோலும் கூடுதலாக இருக்கின்றன என்பது மட்டுமே வேறுபாடு.

அந்த அளவுகோலுக்கு மக்காச்சோள வெப்ப அலகு என்று பெயர். 1960களில் ஒன்டாரியோவில் உருவாக்கப்பட்ட இக்கணக்கில், பகல் வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்கு மேலும், இரவு வெப்பம் 4.4 டிகிரிக்கு மேலும் எவ்வளவு ஏறியது என்பது தனித்தனியே மதிப்பிடப்பட்டு, இரண்டின் சராசரி அந்நாளின் அலகாகக் கொள்ளப்படுகிறது. பகலில் 30 டிகிரியைத் தாண்டும் வெப்பத்தால் பயிருக்குப் பயன் கூடுவதில்லை, குறைகிறது என்பதும் அக்கணக்கிலேயே அடங்கியிருக்கிறது. விதைப்பு முதல் பயிரைக் கொல்லும் உறைபனி வரை இந்த அலகுகளைக் கூட்டினால், தெற்கு மானிட்டோபாவின் வெப்பமான பகுதிகளில் 2,500க்கு மேலும், மத்திய ஆல்பர்ட்டாவில் 2,000ஐ ஒட்டியும் அதற்குக் கீழும் வரும். ஒவ்வொரு கலப்பின விதைக்கும் அது முதிரத் தேவைப்படும் அலகு குறிக்கப்பட்டிருக்கும். மேய்ச்சலுக்கான பயிர் முழுதாக முற்ற வேண்டியதில்லை. மணியின் உச்சியிலிருந்து கெட்டிப்பட்ட மாவுச்சத்து இறங்கிவரும் எல்லைக்கோடு, அதாவது பால்கோடு, மணியின் பாதியை எட்டும்போது உறைபனி வந்து பயிரை நிறுத்திவிட்டால் அதுவே சிறந்த நிலை. ஆனால் வானிலை நிலையங்கள் சொல்லும் வெப்ப அலகு முப்பதாண்டுச் சராசரி என்பதையும், சராசரி ஆண்டு என்று ஓர் ஆண்டு எந்தப் பண்ணைக்கும் வருவதில்லை என்பதையும் விதை விற்பவரின் விளம்பரத் தாள் பெரிய எழுத்தில் சொல்வதில்லை.

செலவில் முதலாவது விதை. ஏக்கருக்கு ஏறத்தாழ 30,000 விதை ஊன்றப்படுகிறது. 80,000 விதை கொண்ட ஒரு பை இரண்டே முக்கால் ஏக்கருக்குக்கூட முழுதாக வராது. பார்லி, ஓட்ஸ் போன்ற சிறுதானியங்களுக்குப் பண்ணையார் தம் களஞ்சியத்திலிருந்தே விதை எடுத்துக்கொள்ள முடியும். கலப்பின மக்காச்சோளத்துக்கு ஆண்டுதோறும் கையை விட்டுப் பணம் கொடுத்தாக வேண்டும். மேலும் மண்ணின் வெப்பம் 10 டிகிரியை எட்டிய பின், சீரான ஆழத்தில், சீரான இடைவெளியில் விதை விழ வேண்டும். அதற்கான விதைப்புக் கருவி பெரும்பாலான மாட்டுப்பண்ணைகளில் இல்லாததால், வாடகைக்கு அமர்த்த வேண்டியிருக்கிறது, அல்லது கோதுமை விதைக்கும் கருவியைக் கொண்டே சமாளித்து, அங்கொரு கொத்தும் இங்கொரு வெற்றிடமுமாக முளைத்த பயிரை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது உரம். ஏக்கருக்கு ஐந்து டன் உலர்பொருள் விளைகிறது என்றும் அதில் எட்டு விழுக்காடு புரதம் இருக்கிறது என்றும் கொண்டால், அந்தப் பயிர் மண்ணிலிருந்து எடுத்த நைட்ரஜன் மட்டும் 64 கிலோ ஆகிறது. உலர்பொருள் என்பது ஈரத்தைக் கழித்த எடை; இவ்வுரையில் வரும் தீவன அளவுகள் யாவும் அந்த எடையிலேயே சொல்லப்படுகின்றன. தமிழக உழவர் அறிந்த 45 கிலோ யூரியா மூட்டையில் சொன்னால், அந்த 64 கிலோ ஏறத்தாழ மூன்று மூட்டை. மண்ணில் ஏற்கெனவே இருப்பதைக் கழித்தாலும் எஞ்சுவது சிறிய தொகையன்று. 2021ஆம் ஆண்டின் இறுதியில் இயற்கை எரிவாயு விலையோடு யூரியா விலையும் உலகெங்கும் ஏறியதும், உக்ரைன் போருக்குப் பின் 2022 மார்ச்சில் ரஷ்ய இறக்குமதிகள் மீது கனடா விதித்த 35 விழுக்காட்டு வரி உரத்தையும் பிடித்துக்கொண்டதும், முந்திய ஆண்டுகளின் கணக்குப் புத்தகத்தைப் பார்த்து மக்காச்சோளத்தில் இறங்கியவர்களுக்கு நல்ல பாடமாயின. களை மூன்றாவது. மூன்றாம் இலை விட்டதிலிருந்து எட்டாம் இலை வரை மக்காச்சோளம் களையோடு போட்டியிடத் திராணியற்ற பயிர். குளிர்ந்த மண்ணில் அது மெல்ல வளர்கையில் காட்டு ஓட்ஸ் அதை முந்திவிடும். ஆகவே களைக்கொல்லி தாங்கும் விதையும், காலந்தவறாத தெளிப்பும் தவிர்க்க முடியாதவை.

இவை எல்லாவற்றையும் நிலத்தின் குத்தகையோடு சேர்த்து ஏக்கருக்கு 500 கனடிய டாலர் என்று ஓர் எடுத்துக்காட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். இது எந்தக் குறிப்பிட்ட பண்ணையின் கணக்கும் அன்று. கணக்கின் போக்கைக் காட்டுவதற்கான எண் மட்டுமே. ஏறத்தாழ 640 கிலோ எடையுள்ள சினைப் பசு நாளொன்றுக்கு 15 கிலோ உலர்பொருள் தின்னும். ஐந்து டன் விளைந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு மாட்டின் வயிற்றுக்குப் போனால், ஓர் ஏக்கர் ஒரு பசுவுக்கு 267 நாள் தீவனம். அதாவது நாளொன்றுக்கு 1 டாலர் 87 சென்ட். அதே ஐந்து டன்னில் ஐந்தில் மூன்று பங்கே வயிற்றுக்குப் போய் மீதி மிதிபட்டால் நாள் செலவு இரண்டரை டாலர் ஆகிவிடும். விளைச்சலே இரண்டு டன்னாகச் சுருங்கினால், மிதிபடுவது கூடாவிட்டாலும், ஏக்கர் 107 நாளுக்குத்தான் காணும். நாள் செலவு 4 டாலர் 67 சென்டாக ஏறும். செலவு ஏக்கர் கணக்கில் மே மாதத்திலேயே கையை விட்டுப் போய்விடுகிறது. பயனோ பசு தின்னும் நாட்களின் கணக்கில் சனவரியில் திரும்பி வருகிறது. இடையிலுள்ள எட்டு மாதங்களில் நேரும் எதுவும் முதல் எண்ணைக் குறைப்பதில்லை, இரண்டாம் எண்ணை மட்டுமே குறைக்கிறது. மாநாடுகளிலும் துண்டறிக்கைகளிலும் மக்காச்சோள மேய்ச்சலின் மலிவைக் காட்டும் எண்கள் பெரும்பாலும் நல்ல விளைச்சல் என்ற ஒரு காலில் நிற்பவை என்பதை நினைவில் கொண்டே அவற்றைப் படிக்க வேண்டும்.

எவ்வளவு மிதிபடுகிறது என்பதைத் தீர்மானிப்பது வேலி. ஆளுயரத்துக்கும் மேல் நிற்கும் பயிரின் வழியே டிராக்டரை ஓட்டித் தட்டைகளைச் சாய்த்து ஒரு தடம் உண்டாக்கி, அதில் மின்வேலி இழுத்து, மூன்று நான்கு நாளுக்குத் தேவையான பரப்பை மட்டும் மந்தைக்குத் திறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் யானையையும் மனிதரையும் கொல்லும் சட்டவிரோத மின்வேலி போன்றதன்று இது. நொடிக்கொருமுறை மிகச் சிறிய துடிப்பாக மின்சாரம் பாய்ச்சி, அதிர்ச்சியால் விலக்கும் வேலி. ஆனால் உறைந்த மண்ணும் உலர்ந்த பனியும் மின்சாரத்தை நிலத்துக்குள் கடத்தாததால், அதிர்ச்சி வேண்டிய நேரத்தில் அதிர்ச்சி இருப்பதில்லை. அதற்காக இரண்டாவது கம்பி ஒன்றை நிலமுனையாக இழுத்து, இரண்டையும் மாடு ஒருசேரத் தொட்டால் சுற்று முழுமையாகும்படி அமைக்க வேண்டியிருக்கிறது. கம்பை ஊன்றக்கூட உறைநிலத்தில் துரப்பணம் போட்டுத் துளையிட்டாக வேண்டும். டிராக்டர் வேலை மிச்சம் என்று சொல்லப்படும் இம்முறையில், மைனஸ் முப்பது டிகிரியில் வேலி மாற்றும் வேலை ஒன்று புதிதாக முளைத்துவிடுகிறது.

வேலியை அடிக்கடி மாற்றாமல் வாரத்துக்கொருமுறை பெரிய பரப்பாகத் திறந்துவிட்டால் என்ன என்ற கேள்விக்கு, புதிய துண்டில் நுழையும் மந்தையைக் கவனித்தாலே விடை கிடைத்துவிடும். பசுக்கள் முன்வரிசையை நின்று நிதானமாகத் தின்பதில்லை. வரிசைகளுக்கு ஊடே நேராக உள்ளே போய், கதிரைத் தேடி, உறையை உதட்டாலும் நாக்காலும் விலக்கி, கட்டையோடு கடித்து எடுக்கின்றன. ஒரு கதிரைப் பாதி தின்னும்போதே அடுத்த கதிரைக் கண் பார்க்கிறது. கதிர் தீர்ந்த பின்னரே உறையும் இலையும். அவையும் தீர்ந்த பின், வேறு வழியில்லாதபோதுதான் தட்டை. கூட்டத்தில் வலிய பசு முதல் நாளிலேயே தன் பங்குக்கு மேல் கதிரை முடித்துவிட, ஒதுங்கி நிற்கும் கிடாரிக்கும் கிழட்டுப் பசுவுக்கும் கிடைப்பது தட்டையே. முற்றிய பயிரின் உலர் எடையில் பாதிக்கு அருகில் கதிரிலேயே இருப்பதால், ஒரு வாரத்துத் துண்டைத் திறந்துவிட்டால், முதல் இரண்டு நாளில் மந்தை தின்பது ஏறத்தாழ முழுக்கத் தானியமும், கடைசி மூன்று நாளில் தின்பது ஏறத்தாழ முழுக்க மரத்துப்போன தண்டும் ஆகும்.

இதில் உயிருக்கே கேடு இருக்கிறது. அசைபோடும் விலங்கின் நான்கறை வயிற்றில் முதலும் பெரிதுமான பெருவயிற்றில், நார்ச்சத்தைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. திடீரென்று மாவுச்சத்து மிகுந்த தானியம் வந்து குவிந்தால், வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி, வயிற்றின் அமிலநிலையை நார் சிதைக்கும் நுண்ணுயிர்கள் தாங்க முடியாத அளவுக்குக் கொண்டுபோய்விடும். அமில நோய் எனப்படும் இது இலேசாக வந்தால் தீனி எடுப்பது குறைந்து சாணம் இளகும். கடுமையாக வந்தால் குளம்பு வீங்கி நொண்டும், வயிறு உப்பும், கல்லீரலில் சீழ்க்கட்டி வைக்கும், மாடு படுத்து மீளாமலும் போகும். பசியோடிருக்கும் மந்தையை முதல் நாள் வயலில் இறக்காமல், உலர்புல் வயிறு நிறையப் போட்ட பின் இறக்குவதும், துண்டைச் சிறிதாக வைப்பதும், பழைய துண்டின் தட்டை ஓரளவு தீரும் வரை புதிய துண்டைத் திறக்காமல் இருப்பதுமே இதற்கான காப்பு. மான்கள் வேலியைக் கிழித்துக்கொண்டு போய், பசுக்கள் ஓர் இரவில் முழு வயலையும் சுற்றிவந்துவிட்டால் இந்தக் காப்பு எல்லாம் காற்றில் போய்விடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பயிர் நன்றாக விளைந்த ஆண்டின் ஆபத்து இது என்றால், விளையாத ஆண்டின் ஆபத்து நைட்ரேட். வேர் வழியே மேலேறும் நைட்ரேட்டைப் பயிர் தன் இலைகளில் புரதமாக மாற்றுகிறது. வறட்சியோ ஆலங்கட்டி மழையோ பயிரைக் கொல்லாத இலேசான உறைபனியோ இலையை முடக்கிவிட்டு, வேர் மட்டும் தொடர்ந்து வேலை செய்தால், மாற்றப்படாத நைட்ரேட் தண்டில், அதிலும் அடித்தண்டில், தேங்கும். பயிர் தேறி வளர்ந்தால் ஓரிரு வாரத்தில் அது கரைந்துவிடும். அந்நிலையிலேயே பயிர் பட்டுப்போனால், தேங்கியது தேங்கியபடி குளிர்காலம் முழுவதும் தட்டையில் இருக்கும். பெருவயிற்றில் அது நைட்ரைட்டாகி இரத்தத்தில் கலந்து, செந்நிறத்துகள் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலைக் கெடுக்க, இரத்தம் சாக்லேட் நிறமாக மாறி மாடு மூச்சுத்திணறிச் சாகும். சாகாத சினைப் பசு கன்றை வீசிவிடக்கூடும். தமிழக உழவர்கள் நன்கறிந்த இளஞ்சோள நஞ்சு இதுவன்று. வாடிய இளஞ்சோளத்தில் இருப்பது சயனைடு. இரண்டும் வாடிய பயிரில் வருவதால் ஒன்றை மற்றொன்று என்று மயங்க இடமுண்டு, மருந்து மட்டும் வேறு. உலர்பொருளில் நைட்ரேட் அரை விழுக்காட்டுக்குக் கீழ் இருந்தால் பொதுவாக அச்சமில்லை, ஒரு விழுக்காட்டைத் தாண்டினால் வேறு தீவனத்தோடு கலந்தே கொடுக்க வேண்டும் என்பது கனடிய ஆய்வகங்களின் பொது வழிகாட்டல்.

இங்கே கவனிக்கத்தக்க ஒரு முரண் இருக்கிறது. அமில நோய்க்கும் வீணாவதற்கும் எதிரான விதி, மாடு அடித்தண்டு வரை தின்று தீர்த்த பிறகே அடுத்த துண்டைத் திற என்கிறது. நைட்ரேட்டோ அந்த அடித்தண்டில்தான் இருக்கிறது. ஆகவே வறட்சியிலோ ஆலங்கட்டியிலோ அடிபட்ட பயிரில், எண்பது விழுக்காடு தின்னவைக்கலாம் என்ற கணக்கே செல்லாது. தண்டை விட்டுவைக்க வேண்டும், விட்டுவைத்தால் ஏற்கெனவே சுருங்கிய தீவன நாட்கள் இன்னும் சுருங்கும். மாதிரி எடுக்கும்போது தண்டின் அடிப்பகுதியைத் தனியே அனுப்பிப் பார்க்காமல், முழுப் பயிரையும் நறுக்கிக் கலந்து அனுப்பிவிட்டு, வந்த சராசரி எண்ணை நம்பிவிடுவது எளிதில் நேரக்கூடிய பிழை. மாடு சராசரியைத் தின்பதில்லை, கடைசி நாளில் அடித்தண்டைத்தான் தின்கிறது.

சத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சினையின் நடுக்காலம், பிற்காலம், கன்று ஈன்ற பின் என்ற மூன்று கட்டங்களுக்கும் பசுவுக்கு மொத்தச் செரிமானச் சத்து முறையே 55, 60, 65 விழுக்காடும், புரதம் 7, 9, 11 விழுக்காடும் வேண்டும் என்று பிரெய்ரிப் பண்ணையார்கள் ஒரு வாய்பாடாகவே வைத்திருக்கிறார்கள். பாதி முற்றிய மக்காச்சோளத்தில் செரிமானச் சத்து 65 விழுக்காட்டை ஒட்டியும் அதற்கு மேலும் இருக்கும். புரதம் 7 முதல் 9 வரை. ஆற்றலுக்குக் குறைவில்லை, மார்ச் மாதம் நெருங்க நெருங்கப் புரதம் போதாது. சுண்ணாம்புச் சத்து எப்போதுமே போதாது. தாது உப்பும், பிற்பகுதியில் நல்ல குதிரைமசால் உலர்புல்லும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 1 டாலர் 87 சென்ட் என்ற எண்ணில் அவை இல்லை.

பனிக்கு எதிராக மக்காச்சோளம் வலியது என்பதில் ஐயமில்லை. பார்லியையோ டிரிட்டிகேலி என்னும் சிறுதானியத்தையோ அறுத்து வயலிலேயே வரிசைக் குவியலாகக் கிடக்கவிட்டு மேய்க்கும் முறை, ஆல்பர்ட்டாவின் லாகோம் ஆராய்ச்சி நிலையத்தில் நீண்டகாலம் ஆராயப்பட்டு, மலிவானது என்று நிலைநாட்டப்பட்ட முறை. ஏக்கருக்கான விதைச் செலவு சிறிது, விளைச்சலும் சிறிது. ஆனால் குவியல் தரையோடு கிடப்பதால், பனி ஆழமாகப் பெய்து, இடையில் ஒரு நாள் உருகி மறுபடி உறைந்து மேலே பனிக்கட்டி ஓடு பிடித்துவிட்டால், மூக்கால் தோண்டித் தின்னும் பசு தோற்றுப்போகும். மக்காச்சோளம் பனிக்கு மேலே நிற்கிறது; காற்றையும் தடுக்கிறது. பனியையே தண்ணீராகக் கொண்டு சினைப் பசுக்கள் வாழ முடியும் என்பது ஆல்பர்ட்டாப் பல்கலைக்கழக ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பனி மென்மையாக இருக்க வேண்டும், மெலிந்த பசுவுக்கும் பால் கொடுக்கும் பசுவுக்கும் அது பொருந்தாது. நிற்கும் பயிரின் குறை, அது மாட்டுக்கு மட்டும் விருந்து வைக்காமல் மான், எல்க் மான், கரடி, வாத்து எல்லாவற்றையும் அழைப்பதே. அண்மைக் காலங்களில் சஸ்காட்செவனில் பெருகிவிட்ட காட்டுப்பன்றிகளுக்கு மக்காச்சோள வயல் உணவும் மறைவிடமும் ஒருங்கே ஆகிறது.

இனி எல்லாவற்றிலும் கனமான கேள்விக்கு வரலாம். மக்காச்சோளம் இரண்டு வகையாகப் பொய்க்கிறது. ஒன்று, கோடை குளிர்ந்து, மழை மிகுந்து, வெப்ப அலகு சேராமல், கதிர் பிடிக்காத பச்சைப் பயிராகவே உறைபனியில் மாட்டிக்கொள்வது. மற்றது, வறட்சி. முதல் வகைத் தோல்வி பெரிதாகக் கலங்கவேண்டியதன்று; குளிர்ந்து நனைந்த கோடையில் உலர்புல்லும் மேய்ச்சல் நிலமும் செழித்திருக்கும், அண்டை அயலில் புல் மலிவாகக் கிடைக்கும், குறைந்ததை வாங்கி ஈடுகட்டலாம். வறட்சியில் மக்காச்சோளமும் உலர்புல்லும் ஒரே ஆண்டில் ஒன்றாகக் கருகுகின்றன. 2002ஆம் ஆண்டு வறட்சியில் ஒன்டாரியோ உழவர்கள் மேற்கே உலர்புல் ஏற்றி அனுப்பிய நன்கொடை இயக்கம் நடந்தது. 2021இல், சூன் கடைசியில் மேற்குக் கனடாவை மூடிய வெப்பக் குமிழிக்கும் அதைத் தொடர்ந்த வறட்சிக்கும் பின், அதே இயக்கம் மீண்டும் நடத்தப்பட்டது. தீவனம் வாங்கலாம் என்ற மாற்றுவழி, தேவைப்படும் ஆண்டிலேயே அடைபட்டுவிடும் வழி.

200 பசுக்களை 100 நாள் மக்காச்சோளத்தில் மேய்க்கத் திட்டமிடும் ஒரு பண்ணையை எடுத்துக்கொண்டால், முன்சொன்ன கணக்கின்படி 75 ஏக்கர் விதைக்க வேண்டும். செலவு 37,500 டாலர். இரண்டு டன்னே விளைந்தால் தீவனம் 40 நாளில் தீர்ந்துபோகும். எஞ்சிய 60 நாளுக்கு, விலை இரட்டித்த உலர்புல்லும் அதைப் போடும் செலவும் சேர்ந்து பசுவுக்கு நாள் ஐந்து டாலர் என்று வைத்தால், மேலும் 60,000 டாலர் வேண்டும். முழுக்க உலர்புல்லையே விலைக்கு வாங்குபவரும் அந்த ஆண்டில் 100 நாளுக்கு ஒரு லட்சம் டாலர் கொடுக்கத்தான் போகிறார், ஆகவே மக்காச்சோளத்தால் நட்டம் எங்கே என்று ஒருவர் வாதிடலாம். வாதம் எண்ணளவில் சரி, காலத்தளவில் சரியன்று. புல் இல்லை என்பதைச் சூலையிலேயே கண்டவர், விலை விழுவதற்கு முன் மந்தையில் ஒரு பகுதியை விற்றுவிட முடியும். 37,500 டாலரை மண்ணில் போட்டவரோ, ஆகஸ்டில் ஒரு மழை பெய்தால் பயிர் தேறிவிடும் என்று காத்திருக்கிறார். செப்டம்பரில் தேறாது என்று தெளியும்போது எல்லோரும் மாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்கு வந்துவிடுகிறார்கள். மேலும் ஈரம்படாமல் அடுக்கிய உலர்புல் அடுத்த ஆண்டுக்கும் அதற்கடுத்த ஆண்டுக்கும் நிற்கும். நிற்கும் மக்காச்சோளம் ஒரே குளிர்காலத்தின் சொத்து. நல்ல ஆண்டின் மிச்சத்தைக் கெட்ட ஆண்டுக்கு எடுத்துச்செல்ல முடியாத தீவனம், நாள் செலவில் எவ்வளவு மலிவாக இருந்தாலும், முழுப் பாரத்தையும் தாங்கத் தகுந்ததன்று என்பதே இவ்வுரையின் கருத்து.

காப்பீடு இந்த இடைவெளியின் ஒரு பகுதியை அடைக்கிறது. ஆல்பர்ட்டாவில் பாசன மக்காச்சோளத்துக்கு வெப்ப அலகுக் குறைவை அளவாகக் கொண்ட திட்டமும், சஸ்காட்செவனில் மழைக்குறைவை அளவாகக் கொண்ட திட்டமும் உண்டு. இரண்டுமே வயலைப் பார்த்துத் தரப்படுவன அல்ல, வானிலை நிலையத்தின் பதிவைப் பார்த்துத் தரப்படுவன என்பதால், நிலையத்தில் பெய்த மழை வயலில் பெய்யாதபோது கையில் ஒன்றும் வராது. காப்பீட்டைவிட உறுதியான காப்பு, பயிர் தோற்கும் அறிகுறி தென்பட்டதும் அதை நறுக்கிச் சைலேஜ் என்னும் ஊறுகாய்ப்புல்லாக மாற்றிக்கொள்வது. புளிப்பேறும்போது நைட்ரேட்டின் ஒரு பகுதி அழிகிறது, தீவனமும் அடுத்த ஆண்டு வரை கெடாது. அதற்கு நறுக்கும் இயந்திரத்தை அந்த வாரத்திலேயே கொண்டுவரக்கூடிய அண்டை வீட்டார் வேண்டும். அப்படி ஒருவர் இருக்கிறாரா என்பதை விதை வாங்குவதற்கு முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வரவுப் பக்கத்தில் வழக்கமாக எழுதப்படாமல் விடப்படும் ஒன்று எரு. தமிழ்நாட்டில் அறுவடை முடிந்த வயலில் ஆட்டுக்கிடை போட்டு, அதற்குக் கூலியும் கொடுக்கும் உழவருக்கு இதன் மதிப்பை விளக்க வேண்டியதில்லை. பட்டியில் கட்டி வளர்க்கும்போது மூத்திரத்தின் நைட்ரஜனில் பெரும்பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விடுகிறது. வயலிலேயே குளிர்காலத் தீவனமிட்ட நிலத்தில் அடுத்த கோடையில் மண்ணின் நைட்ரஜனும் புல்லின் விளைச்சலும், பட்டி எருவை அள்ளிவந்து கொட்டிய நிலத்தைவிடக் கூடுதலாக இருந்ததைச் சஸ்காட்செவனின் லானிகன் அருகே நடந்த ஆய்வுகள் காட்டின. மூன்று மூட்டை யூரியாவின் கணக்கில் ஒரு பகுதியை இது அடுத்த ஆண்டில் திருப்பித் தரும். ஆனால் சாணம் வேலியின் போக்கிலும் மந்தை படுக்கும் ஒதுக்கிலும் குவிவதால், வயல் முழுதும் சமமாகத் தராது.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், குளிர்காலத்தின் நூறு நாளையும் மக்காச்சோளத்திடம் ஒப்படைப்பதைவிட, டிசம்பர், சனவரி ஆகிய இரு மாதங்களுக்கு, சினையின் நடுக்காலத்திலுள்ள, உடல் தேறிய பசுக்களுக்கு மட்டும் அதை ஒதுக்குவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அந்த நாட்களில்தான் பசுவின் தேவை பயிரின் சத்தோடு ஒத்துப்போகிறது. கடுங்குளிருக்கு அதன் ஆற்றல் உதவுகிறது. உருகலும் சேறும் வந்து தீவனத்தைக் கெடுக்கும் காலமும் அதுவன்று. கிடாரிகளையும் மெலிந்தவற்றையும் தனியே பிரித்துப் பட்டியில் வைக்கலாம். 75 ஏக்கருக்குப் பதில் 45 ஏக்கர் விதைத்தால் அறுபது நாளுக்குப் போதும். பயிர் முற்றாகப் பொய்த்தாலும் இருப்பில் உள்ள ஓராண்டுக்கு முந்திய உலர்புல் அந்தப் பள்ளத்தை நிரப்பும். முதல் ஆண்டில் இறங்குபவர் அதையும் பாதியாக்கி, எருப்பட்ட நிலமாகப் பார்த்து, தம் இடத்து வெப்ப அலகுக்கு எட்டும் விதையை மட்டும் ஊன்றி, பயிர் ஆளுயரம் எட்டும் முன்பே வேலித் தடங்களை அறுத்துவிடுவது நல்லது. உறைபனிக்குப் பின் தடம் திறக்கப் போனால், டிராக்டர் சக்கரத்தில் உதிரும் கதிரே முதல் வாரத்து அமில நோய்க்குக் காரணமாகிவிடும்.